டாம் வாட்சனும் அறுபது வயது வரம்பும்

கோல்ஃப் என்றால் பணக்காரர் விளையாட்டு, அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நான் மட்டையைக் கையில் எடுத்தவன் இல்லை, தொலைக்காட்சியில் பார்ப்பதோடு சரி. ஆனால் ஓய்வு பெற்ற நம்மைப் போன்றவர்கள் அடிக்கடி பேசிக்கொள்ளும் ஒரு விஷயத்துக்கு, அமெரிக்க கோல்ஃப் வீரர் டாம் வாட்சனின் வாழ்க்கை நல்ல உதாரணம். வயதானவன் எப்போது விலக வேண்டும், அதை யார் முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் அந்த விஷயம்.

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். வாட்சன் 1949 செப்டம்பர் 4ஆம் தேதி கான்சாஸ் சிட்டியில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் படித்துவிட்டு 1971இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். கோல்ஃபில் மிகப் பெரியவை என்று நான்கு போட்டிகளைச் சொல்வார்கள். அவற்றில் மொத்தம் எட்டு முறை பட்டம் வென்றவர். அந்த எட்டில் ஐந்து, பிரிட்டிஷ் ஓபன் என்று நாம் சொல்லும் ஓபன் போட்டியில் வந்தவை: 1975, 1977, 1980, 1982, 1983. இதில் 1977ஆம் ஆண்டு வெற்றி ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள டர்ன்பெரி மைதானத்தில் கிடைத்தது. அந்தக் காலத்தின் மாமன்னர் ஜாக் நிக்லாஸோடு கடைசி இரண்டு நாளும் சேர்ந்தே ஆடி, ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வென்றார். கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவர்தான் ஜெயித்தவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

1983க்குப் பிறகு அவருக்குப் பெரிய பட்டம் எதுவும் வரவில்லை. குழிக்கு அருகில் வந்தபின் பந்தை மெதுவாகத் தட்டிவிடும் அந்தக் கடைசி வேலையில் கை தடுமாற ஆரம்பித்தது. ஐம்பது தாண்டியதும் மூத்தோர் போட்டிகளுக்குப் போய் அங்கே நன்றாக ஆடினார். உலகம் அவரைப் பழைய ஆள் என்று மரியாதையோடு ஓரமாக உட்கார வைத்துவிட்டது.

ஓபன் போட்டியில் அப்போது ஒரு விதி இருந்தது. முன்பு பட்டம் வென்றவர்கள், தகுதிச் சுற்று எதுவும் ஆடாமல் 60 வயது வரை கலந்துகொள்ளலாம். அதற்கு மேல் கிடையாது. 2009இல் போட்டி மறுபடியும் டர்ன்பெரிக்கு வந்தபோது வாட்சனுக்கு 59 வயது பத்து மாதம். முந்தைய அக்டோபரில்தான் இடுப்பு எலும்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். பழைய மைதானத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முதல் நாள் 65 அடிகளில் முடித்தார். மறுநாள் முதலிடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். மூன்றாம் நாள் முடிவில் தனியாக முதலிடம். அதே போட்டியில் 33 வயது டைகர் வுட்ஸ், இரண்டு நாள் முடிவில் தகுதி பெறாமல் வெளியேறியிருந்தார்.

நான்காம் நாள், கடைசிக் குழி. வழக்கமான நான்கு அடியில் முடித்தால் பட்டம் அவருக்கு. இரண்டாவது அடி நேராகத்தான் போனது. ஆனால் பந்து புல்தரையில் விழுந்து, நிற்காமல் உருண்டு, பின்பக்கம் போய்விட்டது. அங்கிருந்து தட்டியது குழியைத் தாண்டி ஏறக்குறைய எட்டு அடி தூரம் ஓடியது. அந்த எட்டு அடி தூரத்தை அவரால் கடக்க முடியவில்லை. சமநிலை. பிறகு நான்கு குழிகள் கொண்ட கூடுதல் ஆட்டத்தில், தன்னைவிட இருபத்து மூன்று வயது இளையவரான ஸ்டூவர்ட் சிங்கிடம் ஆறு அடி வித்தியாசத்தில் தோற்றார்.

ஜெயித்திருந்தால் பெரிய போட்டி வென்றவர்களிலேயே மூத்தவர் ஆகியிருப்பார். அதுவரை அந்தப் பெருமை, 1968இல் 48 வயதில் வென்ற ஜூலியஸ் போரோஸுடையது. செய்தியாளர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, இது ஒன்றும் சாவு வீடு இல்லையே என்று வாட்சனே சிரித்துக்கொண்டு சொன்னார்.

பரிதாபப்பட இதில் ஒன்றும் இல்லை என்பதுதான் என் எண்ணமும். அந்த நான்கு நாட்கள் ஒரு விஷயத்தை நிரூபித்தன. அறுபது என்ற எண் ஒரு மனிதனின் திறமையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அது நிர்வாகத்தின் வசதிக்காகப் போட்ட கோடு.

நம்மில் பலர் இந்தக் கோட்டைத் தாண்டி வந்தவர்கள்தானே? என்னையும் 58 முடிந்த மாதத்தின் கடைசி நாள் மாலை போட்டு, வெள்ளித் தட்டு கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரமே, அந்த ஃபைல் எங்கே சார், இந்தக் கணக்கை எப்படி முடிப்பது சார் என்று போன் வர ஆரம்பித்தது. ஆறு மாதம் வரை வந்துகொண்டே இருந்தது. மாலை போட்ட அன்று போன திறமை, போன் வந்த அன்று திரும்பி வந்துவிட்டதா என்ன?

சரி, வயது வரம்பே வேண்டாமா? அப்படியும் நான் சொல்ல மாட்டேன். வரம்பே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கோல்ஃபிலேயே சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில், ஒரு முறை வென்றவர் ஆயுள் முழுக்க ஆடலாம். 2002இல் சில மூத்த சாம்பியன்களுக்கு, இனி வர வேண்டாம் என்ற பொருளில் கடிதம் போனது. 65 வயது வரம்பு வரும் என்றும் அறிவித்தார்கள். ஆர்னால்ட் பாமரும் நிக்லாஸும் எதிர்ப்புத் தெரிவிக்கவே, 2003இல் அதைக் கைவிட்டார்கள். 2005இல் பில்லி கேஸ்பர் தன் 73ஆம் வயதில் அங்கே ஆடினார். அவர் சாதாரண ஆள் இல்லை, மூன்று பெரிய பட்டங்கள் வென்றவர். அன்று ஒரே குழியில் 14 அடி, மொத்தம் 106 அடி. கணக்குச் சீட்டைக் கொடுக்காமலேயே போனார். இளைஞர்கள் ஓர் இடத்துக்காகக் காத்திருக்கும்போது இது சரியா என்று கேட்டால், நம்மிடம் பதில் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை, 2009க்குப் பிறகு ஓபன் போட்டியை நடத்தும் அமைப்பு கண்டுபிடித்தது. 60 வயது வரம்பை அப்படியே வைத்துக்கொண்டது. ஆனால் பழைய சாம்பியன் ஒருவர் முதல் பத்து இடத்துக்குள் வந்தால், வயது என்னவானாலும் மேலும் ஐந்து ஆண்டு ஆடலாம் என்று ஒரு வாசலைத் திறந்தது. இது சலுகை இல்லை. செய்து காட்டு, இரு என்கிறது. வாட்சன் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தார். 2011இல் 61 வயதில், மூத்தோருக்கான பிஜிஏ பட்டத்தையும் வென்று, டர்ன்பெரியில் நடந்தது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று காட்டினார்.

எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது இதற்குப் பிறகுதான். 2015இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில், இருட்டுகிற நேரத்தில் ஓபனுக்கு விடை கொடுத்தார். மறு ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியிலிருந்தும் விலகினார். மாஸ்டர்ஸில் அவரைப் போ என்று சொல்ல எந்த விதியும் இல்லை, ஆயுள் முழுக்க இடம் உண்டு. இருந்தும் போனார். காரணம் எளிது. ஓபன் நடக்கும் கடற்கரை மைதானங்களில் தரை கெட்டி, காற்று பலம். பந்து எங்கே விழுந்து எப்படி உருளும் என்ற அனுபவம் அங்கே பேசும். அகஸ்டாவோ வருடா வருடம் நீளமாகிக்கொண்டே போனது. அங்கே பந்தைத் தூரம் அடிக்கும் வலு வேண்டும். தனக்கு எது இருக்கிறது, எது போய்விட்டது என்று அவருக்கே தெரிந்திருந்தது. 2019இல் மூத்தோரின் பெரிய போட்டிகளிலிருந்தும் தானாகவே ஒதுங்கிக்கொண்டார்.

ஆகவே என் கட்சி இதுதான். வயது வரம்பு இருக்கட்டும், ஆனால் வேலையைச் செய்து காட்டுகிறவனுக்கு ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். அது நிர்வாகத்தின் கடமை. அந்த வாசல் வழியாக வந்தவன், கை தளர்ந்தது தெரிந்ததும் யாரும் சொல்லாமலே எழுந்து இடம் விட வேண்டும். அது நம் கடமை. முதல் பாதிக்காக நாம் நிறையக் குரல் கொடுக்கிறோம். சங்கக் கூட்டங்களில், குடும்பத்தில், கோயில் கமிட்டியில் இரண்டாவது பாதியை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

2022 முதல் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாஸ்டர்ஸ் தொடங்கும் காலையில், மரியாதைக்காக முதல் பந்தை அடிக்கும் மூத்தவர்களில் வாட்சனும் ஒருவர். பக்கத்தில் அதே நிக்லாஸ். ஆளுக்கு ஒரு அடி, அவ்வளவுதான். அடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே நகர்ந்து, ஆட வருகிறவர்களுக்கு வழி விடுகிறார்கள்.

உங்கள் அனுபவம் என்ன சொல்கிறது? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.