கண்ணில் படுவது இரண்டாவது அடி மட்டும்தான்!

பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கம் சமத்துவபுரத்தில் வீடுகள் இரட்டை இரட்டையாக இருக்கும். ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் மற்றச் சாதிக் குடும்பம். நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரே சுவர். அப்போது ஊராட்சித் தலைவராக இருந்த இளங்கோ ரங்கசாமியின் யோசனை அது. தள்ளித் தள்ளி வைத்துவிட்டு 'ஒற்றுமையாக இருங்கள்' என்று சொன்னால் நடக்காது என்பதை அந்தச் சுவர் சொல்கிறது.

வகுப்பறைக்கும் இதே கணக்குதான். ஆட்டிசம், கற்றல் குறைபாடு, செவித்திறன் குறைபாடு உள்ள பிள்ளையை 'தொந்தரவு வேண்டாமே' என்று ஓரமாக உட்கார வைக்கிறோம். ஓரத்தில் இருப்பவனைச் சீண்டுவது மற்றவர்களுக்குச் சுலபமாகிவிடுகிறது.

சீண்டல் எப்படி நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இடைவேளையில் ஒருவன் பென்சில் பாக்ஸை ஒளித்து வைப்பான். இன்னொருவன் காதருகே வந்து கத்துவான். சத்தம் தாங்காத பிள்ளை திருப்பி ஓங்கி ஒன்று வைக்கும். ஆசிரியர் திரும்பிப் பார்ப்பது அப்போதுதான். இரண்டாவது அடி மட்டும் கண்ணில் படும். முதல் சீண்டல் தெரியாது. 'உங்க பையன் அடிக்கிறான்' என்று அம்மாவுக்குப் போன் வரும்.

அதனால், சண்டை வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: 'அதுக்கு முன்னாடி என்ன நடந்தது?' சாப்பாட்டு நேரம், கழிப்பறை வாசல், ஸ்கூல் வேன் என்று பெரியவர்களின் கண் விலகும் இடங்களில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. அங்கே ஒரு பெரியவர் நின்றாலே பாதிப் பிரச்னை குறையும்.

சிறப்புக் குழந்தையின் பெற்றோர் ஒரு சின்னத் தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள்: பிள்ளைக்கு எது பிடிக்காது, கோபம் வந்தால் எது அமைதிப்படுத்தும், உதவி வேண்டுமென்றால் எப்படிக் காட்டுவான். பேசத் தெரியாத பிள்ளை புகார் சொல்லாது. கிழிந்த நோட்டு, திரும்பி வரும் டிபன் பாக்ஸ், 'ஸ்கூல் வேணாம்' என்ற காலை அழுகை, இவைதான் அதன் புகார்.

மற்றப் பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. 'லூசு', 'மெண்டல்' போன்ற சொற்களைப் பிள்ளைகள் பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்தே எடுத்துப் போகிறார்கள். 'அவன்கூட சேராதே' என்பதற்குப் பதில், 'இன்னிக்கு அவன்கூட என்ன விளையாடினே?' என்று கேட்டுப் பாருங்கள். ஆனால், ஒரே தோழியின் தலையில் எல்லாப் பொறுப்பையும் கட்டிவிடக் கூடாது. வாரம் ஒருவர் என்று முறை வைத்தால் யாருக்கும் சுமையாகாது.

பெரியவர்களின் பேச்சு எவ்வளவு காயப்படுத்தும் என்பதை 2024-ல் பார்த்தோம். சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில், உடல் குறைபாட்டுக்கு முற்பிறவிப் பாவம் காரணம் என்பதுபோல் ஒரு பேச்சாளர் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான தமிழாசிரியர் சங்கர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். பேச்சாளர் பிறகு கைது செய்யப்பட்டார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 92-வது பிரிவின்படி, மாற்றுத்திறனாளியைப் பலர் முன் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

பிள்ளைகளுக்கு இந்தச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். பெரியவர்கள் தெரிந்துகொண்டால் போதும். புகார் இருந்தால் முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், தேதியோடு. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பு ஆசிரியரையும், பள்ளி மேலாண்மைக் குழுவையும் அணுகலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களும் இருக்கின்றன.

இன்று மாலை பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மார்க் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: 'உன் வகுப்பிலே யார் தனியா உட்கார்ந்து சாப்பிடுறாங்க?' பதிலாக ஒரு பெயர் வந்தால், நாளைக்கு இன்னும் இரண்டு இட்லி சேர்த்துக் கட்டுங்கள். பக்கத்தில் உட்கார அது ஒரு நல்ல சாக்கு.