வெளிநாட்டு வகுப்பறைக்குக் கிளம்பும் எங்கள் பெண்கள்

“நம்ம காலனிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இந்தப் பொண்ணு மாலத்தீவுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகுதாம்.”

மங்கலம்பேட்டை வட்டாரத்தில் பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்த எங்கள் பெண் ஒருத்தி வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. பேசுகிறவர்கள் எதிரிகளாக இருந்தால் விட்டுவிடலாம். பல நேரம் நம்முடைய தோழர்களே பேசுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஆசிரியர் போதவில்லை என்பது உண்மைதான். அந்தப் பணியிடங்களை நிரப்ப வேண்டியது அரசாங்கம். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்களும் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018இல் அரசாணை 149 வந்தது. 2013இல் தேறியவர்களில் பலருக்கு வேலை வரும் முன்பே வயது போய்விட்டது. அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி? தனியார் பள்ளியில் காலை எட்டு மணிக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்புகிற எங்கள் பெண்களில் பலருக்கு மாதம் பத்தாயிரம்கூட முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஊர்த்தெருப் பையன் அமெரிக்காவுக்குப் போனால் கடைவீதியில் வாழ்த்து பேனர் கட்டுகிறார்கள். எங்கள் பெண் பெட்டி கட்டினால் மட்டும் சமூகக் கடமை ஞாபகத்துக்கு வருகிறது.

வரலாற்றையும் கொஞ்சம் பார்க்கலாம். 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். சாரா பால்மர், கோர்ட்ரைட் போன்ற வெளிநாட்டுப் பெண்கள் அங்கே வந்து நம் முன்னோர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். பறையர் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறோம் என்பது பற்றி கோர்ட்ரைட் 1906இல் ஒரு நூலே எழுதினார். உங்கள் ஊர்ப் பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்தீர்கள் என்று யாரும் அவர்களைக் கேட்டதாக நாங்கள் படித்ததில்லை. இரட்டைமலை சீனிவாசனும் தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர்தான். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். 1930இல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். சமூகத்தைக் கைவிட்டுப் போனவர் என்று அவரைச் சொல்வோமா?

எங்கே போக முடியும் என்பது அடுத்த கேள்வி. மாலத்தீவுப் பள்ளிகளில் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நீண்ட காலமாக இருக்கிறார்கள். வளைகுடாவில் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இருக்கின்றன. தாய்லாந்துக்கும் போகிறார்கள். கொரியாவில் தனியார் பயிற்சி மையங்களில் ஆங்கிலம் கற்பிக்க ஏழு நாட்டவருக்குத்தான் விசா. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய - கொரிய ஒப்பந்தத்தால், ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்களுக்குப் பள்ளிகளில் உதவி ஆசிரியராகச் சேர ஒரு சிறு வாசல் திறந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் தேவை என்று பல நாடுகள் விளம்பரத்திலேயே போடுகின்றன. எவ்வளவு படித்தாய் என்பதற்கு முன்னால் எங்கே பிறந்தாய் என்று கேட்கிற தகுதிமுறை எங்களுக்குப் புதிதா என்ன?

எங்கள் பிள்ளைகள் உண்மையில் தடுக்கி விழுவது கிளம்புவதற்கு முன்னால்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். அப்பா பெயரை அந்தக் காலத்தில் யாரோ எப்படியோ எழுதிவைத்திருப்பார்கள், முதலெழுத்தை விரிக்கும்போது அது வந்து இடிக்கும். பட்டச் சான்றிதழுக்குப் பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும். பிறகு மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், பல நாடுகளுக்கு அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் முதலிலிருந்து ஓட வேண்டும். வேலை தேடுவதற்கு ஒரு வருடம் முன்பே இதைத் தொடங்குங்கள் என்று எங்களிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிறோம்.

எல்லாவற்றிலும் கொடியது காவல்துறைச் சான்று. ஊரில் தகராறு நடக்கிறது. நம்மவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கிறார்கள். அடுத்த நாளே எதிர்த்தரப்பிடம் ஒரு புகார் வாங்கி நம்மவர்கள் மீதும் வழக்கு போடுகிறார்கள். சமரசத்துக்கு இழுக்க இது பழைய உத்தி. அந்த முதல் தகவல் அறிக்கையில் தெருவில் படித்த பிள்ளைகளின் பெயர்களாகப் பார்த்து எழுதப்படுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். சம்பவ நாளில் கல்லூரி விடுதியில் இருந்த பெண்ணின் பெயரும் அதில் இருக்கும். வழக்கு வருடக்கணக்கில் கிடக்கும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் எழுந்து வரும். வேலைக் கடிதத்தில் போட்ட தேதி அதற்காகக் காத்திருக்காது.

இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் தடையாகச் சொல்வது நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள குற்ற வழக்கை. வெறும் முதல் தகவல் அறிக்கை நிலுவை வழக்கு ஆகாது, நீதிமன்றம் கோப்பில் எடுத்த பிறகே அது பொருந்தும் என்று உயர் நீதிமன்றங்கள் கூறியிருக்கின்றன. கோப்பில் எடுத்த வழக்கு என்றாலும் அதே நீதிமன்றத்தில் அனுமதி பெற்று பாஸ்போர்ட் வாங்க 1993ஆம் ஆண்டு அறிவிக்கை வழி வைத்திருக்கிறது. பயந்துபோய் வழக்கை மறைத்து விண்ணப்பிக்காதீர்கள். வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய சிக்கலாகிவிடும்.

பிறகு பணம். உரிமம் பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். விருத்தாசலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு லட்சம் கேட்பவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள், இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். ஆசிரியர் வேலை என்று சொல்லிச் சுற்றுலா விசா கொடுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கம்போடியாவில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய கதை எல்லோருக்கும் தெரியும்.

அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் வெளிநாட்டில் முதுகலை படிக்க ஆண்டுக்கு 36 லட்சம் வரை மாநில அரசு தருகிறது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். பி.எட். முடித்து, வேலைக் கடிதம் கையில் வைத்திருக்கிற பெண்ணுக்குத் தேவைப்படுவது இதில் ஒரு சிறு துளி: சான்றொப்பச் செலவு, மருத்துவப் பரிசோதனை, விமான டிக்கெட், முதல் மாத வாடகை. வட்டிக்காரரிடமோ சுய உதவிக்குழுக் கடனிலோ தாலிக்கொடியிலோதான் இப்போது அது புரள்கிறது. தாட்கோ வழியாக ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி கொடுக்கும் அரசு, பயணத்துக்கு முந்தைய இந்தச் செலவுக்கும் வட்டியில்லாக் கடன் தரலாம். 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியர்களை அனுப்புவதுபோல ஆசிரியர்களையும் பட்டியலிட்டு அனுப்பலாம். எதிர்வழக்குகளில் சிக்கிய மாணவர்களின் பெயர்களைக் கடலூர் மாவட்ட வன்கொடுமைத் தடுப்பு விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு தனியாகக் கேட்டு வாங்கி, பொய்யாகச் சேர்க்கப்பட்டவர்களைக் குற்றப்பத்திரிகைக்கு முன்பே நீக்கச் சொல்ல வேண்டும். குழுவின் அடுத்த கூட்டத்துக்கு ஒரு பட்டியலோடு போகிறோம். இப்படிப் பெயர் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் முதல் தகவல் அறிக்கையின் நகலோடு எங்களை வந்து பாருங்கள்.