ஃபைவ் ஸ்டார் டாக்டரும் ஒரு பாட்டில் குளுக்கோஸும்

கொஞ்சம் நீளமான த்ரெட். சக டாக்டர்கள் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்ல.

போன வாரம் ஒரு போன். "சார், நாங்க டாக்டர்களுக்கு மட்டும் டிஜிட்டல் பிராண்டிங் பண்றோம். உங்க பேரை கூகுள்ல தேடினா ஒண்ணுமே வரல சார்." துக்கம் விசாரிக்கிற குரல். ஜிஎச் டூட்டி முடிஞ்சு சாயங்காலம் நான் ஒரு சின்ன கிளினிக்கில் உட்காருவது அந்தத் தம்பிக்குத் தெரிஞ்சிருக்கு. (தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் டூட்டி நேரம் போக வெளியே பார்க்கலாம், அதில் ஒளிவுமறைவு இல்ல.)

பேக்கேஜை விளக்கினார். மேப்பில் இடம், மாசம் எட்டு ரீல்ஸ், குணமான பேஷண்ட் பேசுற வீடியோ, மூணு மாசத்துல இருநூறு ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ. "எனக்கு அவ்வளவு பேஷண்டே வர்றதில்லையேப்பா" என்றேன். "அது எங்க பொறுப்பு சார்."

கடைசியா ஒண்ணு சொன்னார். "பேருக்குக் கீழே எம்பிபிஎஸ் மட்டும் இருந்தா டல்லா இருக்கு. கன்சல்டன்ட் டயபெட்டாலஜிஸ்ட்னு போட்டுருவோம் சார்."

இந்தக் கன்சல்டன்ட் என்ற வார்த்தையைக் கொஞ்சம் பார்ப்போம். பிரிட்டனில் அரசு மருத்துவமனையில் நிரந்தர கன்சல்டன்ட் ஆகணும்னா ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் பேர் இருக்கணும். வருஷக்கணக்கா பயிற்சி எடுத்தாதான் அது நடக்கும். இங்க அந்தப் பட்டத்துக்குக் காவல் இல்ல. ஃபிளெக்ஸ் அடிக்கிற காசு இருந்தா போதும். ஆனா ஸ்பெஷலிஸ்ட்னு சொல்லிக்க விதி இருக்கு. 2002-ம் வருட மருத்துவர் நடத்தை விதிகள்படி, அந்தத் துறையில் தனித் தகுதி இல்லாம யாரும் தன்னை ஸ்பெஷலிஸ்ட்னு சொல்லக்கூடாது. நான் எம்பிபிஎஸ். சர்க்கரைக்கு மருந்து கொடுக்கிறேன், நல்லாவே கொடுக்கிறேன்னு நம்புறேன். அதனால நான் டயபெட்டாலஜிஸ்ட் ஆயிட மாட்டேன்.

இதெல்லாம் டாக்டர்களோட போட்டி, நமக்கென்னன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கேஸ் சொல்றேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.

ஒரு பாட்டா. எழுபது தாண்டியாச்சு. பத்து வருஷமா சர்க்கரை, கூடவே முட்டு வேதனை. மகன் கல்ஃபில. அங்கிருந்தே போன்ல தேடி, 4.9 ஸ்டார் உள்ள ஒரு கிளினிக்கைப் பிடிச்சு, "அங்க கொண்டு போங்க"ன்னு ஆட்டோக்காரருக்குச் சொல்லியிருக்கார். முதல் ஊசியிலேயே வேதனை போயிட்டு. "நல்ல கைராசி"ன்னு பாட்டாவுக்குச் சந்தோஷம். வாரா வாரம் போனார். கொஞ்ச நாள் கழிச்சு, பேச்சு குழறி, நாக்கு வறண்டு, காலில் நாத்தம் பிடிச்ச புண்ணோட ஜிஎச் கேஷுவாலிட்டிக்குக் கொண்டு வந்தாங்க. சர்க்கரை 500-க்கு மேல. பையில இருந்த சீட்டுகளில் பதிவு எண் இல்ல, ஒண்ணுல மட்டும் டெக்சாமெத்தசோன் என்ற பேரை எழுத்துக் கூட்டிப் படிக்க முடிஞ்சது. ஸ்டீராய்டு. வலியையும் வீக்கத்தையும் சட்டுனு அடக்கும், சர்க்கரையைக் கிடுகிடுன்னு ஏத்தும். உயிர் தப்பினார். ஒரு கால்விரலை எடுக்க வேண்டி வந்தது.

மகன் போன்ல அழுதார். "நல்ல ரேட்டிங் பார்த்துத்தானே டாக்டரே அனுப்பினேன்." கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார், முதல் ஊசிக்கு அப்புறம் அவரும் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காராம்.

அந்த ரிவ்யூவை யாரும் காசுக்கு எழுதல. மனசார எழுதினது. எனக்குப் பயம் அதுலதான். பொய் ரிவ்யூவைக்கூட ஒரு நாள் கண்டுபிடிச்சு நீக்கலாம். உண்மையான ரிவ்யூ எதை அளக்குது? அன்னைக்குச் சாயங்காலம் உடம்பு எப்படி இருந்ததுங்கிறதை. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம், பாராசிட்டமால் போதும், நல்லா தண்ணி குடிங்க, மூணு நாள் பார்ப்போம்னு சொல்ற டாக்டருக்கு என்ன கிடைக்கும்? "ஊசி போடல, சும்மா பேசி அனுப்பிட்டார், ஒரு ஸ்டார்." ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி, அதுல மஞ்சளா ஒரு வைட்டமின் கலந்து விடுறவருக்கு அஞ்சு. வாயால குடிக்க முடிகிற ஆளுக்கு அந்தப் பாட்டிலில் இருக்கிறது சர்க்கரைத் தண்ணிதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஒரு ஸ்டாருக்குப் பதில் சொல்லவும் முடியாது. ஹோட்டல்காரர்னா "அன்னைக்கு நீங்க சாப்பிட்டது இது"ன்னு எழுதலாம். நான் "உங்களுக்கு இன்ன நோய், அதனால ஊசி தரல"ன்னு எழுதினா பேஷண்டோட ரகசியத்தைத் தெருவில் போட்டவன் ஆவேன். வாயை மூடிட்டு இருக்கணும். ஸ்டாரைக் குறிவைச்சு பிராக்டிஸ் பண்ண ஆரம்பிச்சா ஒரே வழிதான், கேட்கிறதைக் குத்தி அனுப்புறது.

விதி இல்லையான்னு கேட்பீங்க. 2002 விதிகள்படி டாக்டர் தனக்கு விளம்பரம் செய்து பேஷண்டை இழுக்கக்கூடாது. பிராக்டிஸ் தொடங்கினது, இடம் மாறினது, லீவில் போறது, திரும்ப வந்தது, கட்டணம் என்ன, இந்த மாதிரி சில விஷயங்களை அறிவிக்கலாம். போர்டுகூட அளவுக்கு மீறிப் பெருசா இருக்கக்கூடாது. ரீல்ஸ் வர்றதுக்கு முன்னாடி எழுதின விதி. அதை இந்தக் காலத்துக்குக் கொண்டுவர என்எம்சி 2023 ஆகஸ்ட் 2-ம் தேதி புது விதிகளை வெளியிட்டது. சமூக ஊடகத்துக்குத் தனிப் பகுதியே இருந்தது. லைக், ஃபாலோயர் வாங்கக்கூடாது, தேடலில் மேலே வரப் பணம் கட்டக்கூடாது, பேஷண்டிடம் பாராட்டு வீடியோ கேட்கக்கூடாது. அந்தத் தம்பி சொன்ன பேக்கேஜை முன்னால வச்சுக்கிட்டு எழுதின மாதிரி இருக்கும். ஆனா ஆகஸ்ட் 23-ம் தேதியே மொத்த விதிகளையும் நிறுத்தி வச்சாங்க. மூணே வாரம். சண்டை பெரும்பாலும் ஜெனரிக் மருந்து எழுதுறதைப் பத்தி. அந்தச் சண்டையில இதுவும் சேர்ந்து மூழ்கிப் போச்சு. ஜெனரிக் விஷயத்தை வருஷக்கணக்கா பேசுங்க, வேண்டாங்கல. சமூக ஊடகப் பகுதியை மட்டும் தனியா எடுத்து அமல்படுத்த என்ன தடை?

தனியா பிராக்டிஸ் பண்ற நண்பர்கள் பக்கமும் நியாயம் உண்டு. விதி டாக்டரைக் கட்டும், கார்ப்பரேட் ஆஸ்பத்திரியை அவ்வளவு லேசில் கட்டாது. ரோட்டோரம் இருபதடி போர்டில் கையைக் கட்டிக்கிட்டு நிற்கிற டாக்டர்களைப் பார்த்துட்டுத்தான் தினமும் வண்டி ஓட்டுறோம். வேலையை விட்டு வந்து வாடகைக் கட்டடத்தில் தனியா உட்காருகிறவனை யாருக்குத் தெரியும்? நம்ம ஊர்ல தலைவலிக்குக்கூட திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுற ஆட்கள் உண்டு. "ஆன்லைன்ல இல்லாதவன் ஊர்லயே இல்லாதவன் மச்சான்"னு என் பேட்ச்மேட் சொல்றான். கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கணும் என்கிறதை ஒத்துக்கிறேன். நானே ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து த்ரெட் எழுதுறேன், எனக்கும் லைக் பிடிக்கும்.

புகழே பாவம்னும் சொல்ல வரல. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் சோமர்வெல் இருந்தார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்கள் ரெண்டிலும் போனவர். 1924-ல் ஆக்சிஜன் இல்லாம ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறினார். 1922 பயணம் முடிஞ்சு ஊர் சுத்திப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துட்டு, லண்டனில் கிடைக்க வேண்டிய சர்ஜன் வாழ்க்கையை விட்டு இங்கேயே வந்துட்டார். 1936-ல் புத்தகமும் எழுதினார், எவரெஸ்ட் பேரைத் தலைப்பிலேயே வச்சார். அதாவது அவருக்கும் புரொஃபைல் இருந்தது, உலகம் முழுக்க. ஆனா வயித்துப் புண்ணோட நெய்யூர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் எவரெஸ்டைக் கேள்விப்பட்டு வந்திருப்பாரா? பக்கத்து வீட்டுக்காரன் ஆபரேஷன் முடிஞ்சு மறுபடி வயலில் இறங்கினதைப் பார்த்துட்டு வந்திருப்பார்னு தோணுது. பல மாசம் கழிச்சுத் தெரியுற ரிசல்ட் அது. ரிவ்யூவில் அதுக்கு இடமில்ல.

நான் கடைசியில் என்ன பண்ணினேன்னா, கூகுளில் நானே ஒரு பக்கம் திறந்தேன், காசு செலவில்ல. பேர், எம்பிபிஎஸ், தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவு எண், உட்காருகிற நேரம், ஃபீஸ். ஞாயிறும் நைட் டூட்டி நாட்களும் கிடையாது. நெஞ்சுவலி, பக்கவாதம், பிரசவம்னா இங்க வராதீங்க, 108-க்கு அடிங்க. இவ்வளவுதான்.

உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன். அடுத்த தடவை புது டாக்டரைத் தேடும்போது, குறிப்பா வெளிநாட்டில் இருந்து அப்பா அம்மாவுக்காகத் தேடுறவங்க, ஸ்டாரை எண்ணுறதுக்கு முன்னாடி பதிவு எண்ணைத் தேடுங்க. கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் பில்லிலும் அது இருக்கணும், விதியே அதுதான். கவுன்சில் வெப்சைட்டில் போட்டால் பேர் வரும். எந்த ஊசி போட்டாங்க, எதுக்குன்னு சீட்டில் எழுதி வாங்குங்க. எழுதித் தர மறுத்தா எழுந்து வந்துருங்க.

அந்தத் தம்பி நேத்து மறுபடி கூப்பிட்டார். என் பக்கத்தைப் பார்த்தாராம். "சார், வராதீங்கன்னு போட்டிருக்கீங்களே, அதை மட்டுமாவது எடுத்துருங்க சார்."

எடுக்கல.