எந்தக் கடல், எந்த மாதம்?

திருவாரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதத்தில் பாதியை அப்படியே தருகிறேன்:

"பெண்ணுக்குப் பதினாலு வயசு, பையனுக்கு ஒன்பது. டி.வி.யில் கரீபியன் தீவு என்று நீலத் தண்ணீரும் வெள்ளை மணலுமாகக் காட்டினார்கள். 'நாமும் ஒரு தீவுக்குப் போகலாம்மா' என்று பெண் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரிலிருந்து கடல் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் குழந்தைகள் இரண்டும் கடலைப் பார்த்ததே கிடையாது. 2004 டிசம்பரில் வேளாங்கண்ணிக்குப் போன என் மாமியாரின் தங்கை திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடல் என்ற பேச்சே எடுப்பதில்லை. அத்தைக்கு இப்போது எழுபது வயசு, சர்க்கரை வேறு. அவரைத் தனியாக விட்டுவிட்டும் போக முடியாது. உளுந்து எடுத்ததிலிருந்து மேட்டூர் திறக்கிற வரை இவருக்கும் வயல் வேலை குறைச்சல். மூன்று நாள் போய்வர எங்கே நல்லது?"

முதலில் அத்தையின் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது மூடத்தனமில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். இருபது வருஷம் ஆகிவிட்டதே, இன்னுமா என்று அவரிடம் யாரும் கேட்க வேண்டாம். ஒரு செய்தியை மட்டும் அவர் காதில் போட்டு வையுங்கள். அன்றைக்கு நமக்கு முன்னறிவிப்புச் சொல்ல ஆளில்லை. 2007-லிருந்து ஹைதராபாத்தில் அதற்கென்றே ஒரு மையம் இரவும் பகலும் இயங்குகிறது. குழந்தைகளுக்கும் ஒரு விஷயம் சொல்லிக்கொடுங்கள்: கடல் திடீரென்று உள்வாங்கி வெறும் தரை தெரிந்தால், வேடிக்கை பார்க்கக் கூடாது; மேட்டைப் பார்த்து ஓட வேண்டும்.

இனி தீவு. உங்கள் பெண் கரீபியன் தீவு என்று கேட்டதும் எனக்கு நம் காரைக்கால்தான் ஞாபகம் வந்தது. 1853-ல் மார்த்தினிக் தீவுக்கும், 1854-ல் குவாதலூப் தீவுக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் ஜனங்களைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம். ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று போனவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அந்தத் தீவுகளில் மாரியம்மன் கோவில் இருக்கிறது. கொத்துமல்லி, சீரகம், மஞ்சள் எல்லாம் சேர்த்து அரைத்த பொடிக்கு 'கொலம்போ' என்று பெயர். அதைப் போட்டுச் செய்யும் குழம்பு அங்கே கல்யாண விருந்துச் சாப்பாடு. டி.வி.யில் வெள்ளை மணலைக் காட்டுகிறவர்கள் இதையெல்லாம் காட்ட மாட்டார்கள். அங்கேயும் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், நமக்கு ஐப்பசி கார்த்திகை மாதிரி. கடல் எந்த ஊரிலும் காலம் பார்த்துத்தான் போக வேண்டியது.

நமக்கு எட்டுகிற தீவு ராமேஸ்வரம். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாளே, அதுவும் தீவுதானே! அதையே சொல்லுங்கள். ரயில் பாலம் 1914-ல் வந்தது; பஸ் போகிற பாலம் 1988-ல்தான். பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக, கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும் புதுப் பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். அன்றைக்கே தாம்பரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு ரயிலும் விட்டார்கள். அது மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகப் போகும்படி அமைந்தது நம் பக்கத்துக்கு அடித்த யோகம். உங்கள் ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே இத்தனை கடல் இருக்க அவ்வளவு தூரம் ஏன் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். நியாயம்தான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வேளாங்கண்ணி உங்களுக்கு வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பூம்புகார், சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்காகவும் காவிரி கடலில் கலக்கும் இடத்துக்காகவும் அவசியம் பார்க்க வேண்டிய ஊர். ஆனால் அலை முரட்டுத்தனமானது, கரையில் கல் கொட்டியிருக்கிறார்கள். இறங்கிக் குளிக்கிற கடல் அல்ல. தரங்கம்பாடி எனக்கு ரொம்பப் பிடித்த ஊர். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுத்து 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அதற்குப் பக்கத்தில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்ட மாசிலாமணி நாதர் கோவில், 1718-ல் கட்டிய தேவாலயம், எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற ஊர் அது. மூன்று நாள் தங்கினால் பையன் இரண்டாம் நாளே "வீட்டுக்குப் போகலாம்" என்பான்.

மல்லிப்பட்டினம் பக்கத்து மனோராவை நம் ஜனங்கள் அவ்வளவாக நினைப்பதில்லை. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட சரபோஜி மன்னர் கட்டிய எட்டடுக்கு கோபுரம். எங்கேயோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு இங்கே ஸ்தூபி! அந்தக் கடல் அலையே இல்லாத கடல், குளம் மாதிரி. ஆனால் அடியில் சேறு. கடல்புல் மண்டிக் கிடக்கும். அந்தப் புல்லை மேய்கிற கடல்பசுவுக்காக 2022-ல் அந்தப் பகுதியைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அதே பக்கம்தான். படகில் போய்ப் பார்க்கச் சரி. மணலில் விளையாட ஆசைப்படுகிற குழந்தைக்கு ஏமாற்றம். கோடியக்கரைக்குப் போவதானால் மார்கழி, தை. பூநாரை பார்க்கலாம், வெளிமான் பார்க்கலாம். கோடை விடுமுறையில் வெயிலைத்தான் பார்க்கலாம்.

ஆகவே ராமேஸ்வரம். முக்கியக் காரணம் அங்கே கடல் இரண்டு வகை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் உள்ளூர்க்காரர்களே சொல்வார்கள்: ரோட்டுக்கு வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல். வடக்கே பாக் நீரிணை, ஆழம் குறைவு. தெற்கே மன்னார் வளைகுடா, ஆழம் அதிகம். ஆனால் பெயரை நம்பி எப்போதும் ஒரே மாதிரி என்று இருந்துவிடாதீர்கள். தென்மேற்குக் காற்றில் தெற்குக் கடல் குமுறும். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்றில் வடக்குக் கடல்தான் ஆடும். கோவிலுக்கு எதிரே இருக்கும் அக்னி தீர்த்தக் கரை சித்திரையில் பெரும்பாலும் சாதுவாக, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்துகொள்கிற மாதிரி இருக்கும். கடலையே பார்த்திராத குழந்தைக்கு முதல் கடல் அப்படித்தான் இருக்க வேண்டும். பரீட்சை முடிந்ததும், அக்னி நட்சத்திரம் பிறக்கும் முன், ஏப்ரல் கடைசி வாரம் போய் வந்துவிடுங்கள். காலை ஆறிலிருந்து எட்டு, மாலை நாலரைக்கு மேல். நடுவில் அறையை விட்டு வெளியே வரவே வேண்டாம்.

அரிச்சல்முனைக்குப் போங்கள், பாருங்கள், இறங்காதீர்கள். 2017-லிருந்து கடைசி வரை தார் ரோடு இருக்கிறது. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் ரயிலோடு போன ஊர் அது. இடிந்த சர்ச்சும் ஸ்டேஷனும் பார்த்தாலே குழந்தைகளுக்குப் புரியும். அத்தையை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

அத்தை வரச் சம்மதிப்பாரா? வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போவது பாவம். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மற்ற கடலை அமாவாசை, மாசி மகம் போன்ற நாட்களில்தான் தொடலாம். சேதுவில் மட்டும் என்றைக்கும் நீராடலாம் என்பார்கள். அகாலமாகப் போனவர்களுக்கு அங்கே எள்ளும் தண்ணீரும் விடுவது நம் பக்கத்து வழக்கம்தானே. "உங்கள் தங்கைக்குச் செய்துவிட்டு வரலாமா அத்தை?" என்று உங்கள் கணவர் தனியாக இருக்கும்போது கேட்கட்டும். நீங்கள் கேட்பதைவிட மகன் கேட்பது நல்லது. வரேன் என்றால், முதல் நாள் காலை அந்தக் காரியம். அன்றைக்குக் குழந்தைகளின் ஆட்டபாட்டம் வேண்டாம். மறுநாள் விளையாட்டு. இரண்டையும் ஒரே காலையில் குழப்பினால் யாருக்கும் நிம்மதி இராது. மாட்டேன் என்றால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள். உங்கள் நாத்தனாரோ ஓரகத்தியோ மூன்று நாள் வந்து அவரோடு இருக்கட்டும்; நீங்கள் குழந்தைகளோடு போய்வாருங்கள். குழந்தைகளுக்கும் கடல் வேண்டும் அல்லவா?

வந்தால், சர்க்கரை விஷயம் முக்கியம். வெகுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் மரத்திருக்கும், சூடு உறைக்காது. மத்தியான மணலில் நாலு அடி நடந்தாலும் கொப்புளம் வந்துவிடும், ராத்திரி பார்க்கும்போதுதான் தெரியும். எம்.சி.ஆர். செருப்பு காலை விட்டுக் கழலக் கூடாது, தண்ணீர் ஓரத்தில்கூட. கோவிலுக்குள் காலை நேரத்திலேயே போய்விடுங்கள். 22 தீர்த்தமும் ஆடி ஈரப்புடவையோடு வழுக்குத் தரையில் நடப்பது எழுபது வயசுக்கு ஆகாத வேலை. தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் போதும். இன்சுலின் போடுகிறவரானால் மருந்தை ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தால் கெட்டுவிடும். ஈரத்துணி சுற்றிய சின்ன மண்சட்டி போதும். தினமும் படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கோவில் ஊர் என்றதும் நம் பெண்கள் செய்கிற இன்னொரு காரியம், மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கிவிடுகிறார்கள். ரத்தக்கட்டு வந்தவர்களும் ஈரல் கோளாறு உள்ளவர்களும் அதைத் தொடக் கூடாது. மற்றவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பதினாலு வயசுப் பெண்ணுக்கு அது வேண்டவே வேண்டாம். நாள் தப்பி வந்துவிட்டால் அவள் கோவிலுக்குப் போகாமல் இருக்கட்டும். கடலுக்குப் போவதால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம் உடை. நாம்தான் கரையில் பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள். ஆனால் புடவையோடு இறங்காதீர்கள். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் முழங்கால் தண்ணீரிலேயே எழுந்திருக்க முடியாது. சுடிதார் போதும், துப்பட்டா வேண்டாம்.

பையனைக் கையால் பிடிக்கும்போது விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். ஒரு பெரியவர் தண்ணீரில் இறங்காமல் கரையில் தலை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். செல்போன் பார்க்கக் கூடாது. அது அப்பாவின் வேலையாக இருக்கட்டுமே! அலை அடிக்கிற எந்தக் கடலானாலும் இதை ஞாபகம் வையுங்கள்: இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஓர் இடம் மட்டும் கறுத்து அமைதியாகத் தெரிந்தால், குழந்தைகள் அங்கேதான் ஓடுவார்கள். அதுதான் இழுப்பு. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வழி. அதில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தினால் களைத்துப்போவோம். மிதந்துகொண்டே கரைக்குப் பக்கவாட்டில் நகர வேண்டும். இழுப்பு அகலம் குறைந்தது, விலகிவிடலாம்.

சொறிமீன் பட்டு அரித்தால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் விடாதீர்கள். கடல் தண்ணீரால் கழுவி, பிறகு பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் வைக்க வேண்டும். மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரி.

சாப்பாட்டுக்கு முதல் நாள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டால் போதும். மீன் சாப்பிடுகிற வீடானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறியிருக்கும். வெயிலில் பையன் துவண்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து கலக்கி அடிக்கடி கொடுங்கள். அதை அத்தைக்கு நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். அவருக்கு உப்புப் போட்ட மோர்.

ரயில் ரிசர்வேஷன் 60 நாள் முன்னால் திறக்கிறது. சித்திரைக்கு மாசியிலேயே எடுத்துவிடுங்கள். பெரியவருக்குக் கீழ்ப் படுக்கை என்று கேட்டு வாங்குங்கள். அத்தை இன்னும் பதில் சொல்லவில்லை என்றாலும் அவருக்கும் சேர்த்தே ஒரு டிக்கெட் எடுத்து வையுங்கள்.