மழைக்கு முன் கட்டவேண்டிய மூட்டை

ஐப்பசி பிறக்குமுன் கூரையைச் செப்பனிடுகிறோம். பட்டு நூலையும் சரிகையையும் பரண்மேல் ஏற்றுகிறோம். குழித்தறியில் நீர் புகாவண்ணம் காப்புச் செய்கிறோம். உழவரும் விதைநெல்லை உயரத்தில் வைக்கிறார். ஆனால், வெள்ளம் வாசற்படி ஏறும் இரவில் எதை உடுத்து வெளியேறுவது என்பதைப் பெரும்பாலோர் எண்ணுவதில்லை. ஊருக்கெல்லாம் ஆடை நெய்து தரும் நம்மிடம் இக்குறை இருத்தல் ஆகாது.

இது வீண் அச்சமன்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று தொடங்கிய ஒரே நாள் மழை, அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் அளவு பெய்தது. பலர் உடுத்த துணியோடு வெளியேறினர். உதவித் துணிகள் பின்னர் வந்தன. ஆயினும் முதல் இரவின் ஈரத்தை அவை போக்கவில்லை.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டனர். குழந்தைகளை விட்டு ஓடாமையும் நீச்சல் அறியாமையும் இதற்குக் காரணங்கள். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டதும் ஒரு காரணமே. ஆதலின் நீரில் இறங்க நேரிடின், ஆடவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுக. மகளிர் சல்வார் போன்ற உடை அணிக, அன்றேல் சேலையைக் கச்சம் வைத்துக் கட்டுக. இதில் நாணத்திற்கு இடமில்லை. வாருள்ள செருப்பும் வேண்டும். கலங்கிய நீரின் அடியில் முள்ளும் கண்ணாடியும் தெரிவதில்லை.

துணியின் தன்மையையும் அறிதல் நன்று. பட்டு நனைந்தால் வலுக் குறையும். பருத்தியோ நனைந்தால் வலுப்பெறும். எனினும் பருத்தி நீரை மிகுதியாக உறிஞ்சும், காயத் தாமதமாகும். பாலியெஸ்டர் விரைவில் காயும் என்பது உண்மை. ஆனால் மின்சாரம் நின்ற வீட்டில் விளக்கும் மெழுகுவர்த்தியுமே துணை. தீப்பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் தீப்பற்றுமாயினும் உருகி ஒட்டுவதில்லை. எனவே நெருக்கமான நெசவுடைய மெல்லிய பருத்தியே மாற்றுடைக்கு ஏற்றது என்பேன்.

ஆளுக்கு ஓர் இணை மாற்றுடை, ஒரு துண்டு, மெல்லிய போர்வை ஆகியவற்றைத் தடித்த பாலிதீன் பையிலிட்டு இறுகக் கட்டுக. குடும்ப அட்டையையும் சங்கத்துப் பாஸ்புத்தகத்தையும் அதனுள் வைக்க. என்றோ வரும் வெள்ளத்திற்குத் துணியை முடக்குவதா என்று கேட்பர். புதுத்துணியே வேண்டுமென்பதில்லை, துவைத்துக் காய்ந்த பழைய வேட்டியும் போதும். ஆண்டுதோறும் புரட்டாசியில் பிரித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

இதில் சங்கத்தின் பங்கும் உண்டு. பட்டுச் சங்கம் பருத்தி நெய்வதில்லை. ஆயினும் 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் வழியாகவோ, பருத்திச் சங்கங்களிடம் நேரடியாகவோ துண்டும் போர்வையும் மொத்தமாக வாங்கி, அங்கத்தினர்க்குத் தவணையில் தரலாம். பருத்தி விளைவிப்போர்க்கும் நெய்வோர்க்கும் அதனால் வேலை உண்டு. பட்டு நெய்வோர்க்குக் காப்பு உண்டு. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிறர் மணநாளுக்குப் பட்டு நெய்யும் கைகள், தம் இல்லத்தார்க்கு ஓர் உலர்ந்த துணியை ஒதுக்கி வைத்தல் கடமையாகும்.