தண்ணீர் குடித்துச் செத்தார்களாம்!

ஆப்பிரிக்காவில் கென்யா என்று ஒரு நாடு. 1963-ம் ஆண்டு வரை அதை வெள்ளைக்காரர்கள் ஆண்டார்கள்.

அங்கே ஹோலா என்ற இடத்தில் ஒரு கைதி முகாம் இருந்தது. வறண்ட பூமி. கொளுத்தும் வெயில்.

1959-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி, முகாமில் இருந்த 80-க்கு மேற்பட்ட கைதிகளை வாய்க்கால் வெட்ட ஓட்டிச் சென்றார்கள். வேலை செய்ய முடியாது என்றார்கள் கைதிகள். காவலர்கள் தடியைத் தூக்கினார்கள்.

11 பேர் செத்தார்கள்.

சர்க்கார் அறிக்கை விட்டது. வண்டியில் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்த பிறகு அவர்கள் இறந்துபோனார்கள் என்று அதில் கண்டிருந்தது. தண்ணீர் வாய் திறந்து மறுக்காது அல்லவா!

பிரேத விசாரணையில் குட்டு உடைந்தது. அடிபட்டுத்தான் செத்தார்கள் என்று தெரிந்தது. ஆனாலும் இந்தச் சாவுகளுக்காக ஒருவர்கூடக் கூண்டில் ஏற்றப்படவில்லை.

பார்ப்பதற்கு ஆள் இல்லை

இந்தக் கைதிகள் யார்? நிலத்தைப் பறிகொடுத்த கிக்குயூ மக்கள், "மௌ மௌ" என்ற பெயரில் கலகம் செய்தார்கள். கலகக்காரர்கள் கொலையும் செய்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும்கூட விடவில்லை. அதை மறைக்க வேண்டியது இல்லை. 1952-ம் ஆண்டு அக்டோபரில் நெருக்கடி நிலை வந்தது. பல்லாயிரம் பேரைப் பிடித்து, விசாரணை இல்லாமலே முள்வேலிக்குள் அடைத்தார்கள்.

விசாரணை இல்லை என்றால் என்ன அர்த்தம்? குற்றவாளியா, நிரபராதியா என்பது தெரியாது. அது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு.

வழக்கு நடந்தால் கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நீதிபதி பார்ப்பார். வக்கீல் பார்ப்பார். மனைவி மக்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். கை வீங்கி இருந்தால் "ஏன் வீங்கியது?" என்று யாராவது கேட்பார்கள். வழக்கே இல்லாதவனை யார் பார்ப்பது? அவனை அடைத்தவன்தான் பார்ப்பான். அடிப்பவனும் அவனே, அறிக்கை எழுதுபவனும் அவனே!

ஆகவே, வெளியே இருக்கும் ஜனங்கள்தான் அந்தக் கைதிக்குக் கோர்ட்டு. அவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

தெரியாது என்று சொல்ல முடியுமா?

கென்யாவின் கறுப்பு மக்கள் அந்த சர்க்காரை மாற்ற முடியாது. மாற்றும் ஓட்டு லண்டனிலும் மாஞ்செஸ்டரிலும் இருந்தவர்கள் கையில் இருந்தது. அவர்கள் நல்லவர்கள்தான். அடுத்த வீட்டு நாயை அடித்தால்கூடப் பொறுக்காதவர்கள். முகாம்களில் நடந்தது அவர்களுக்குத் தெரியாதா?

கென்யா போலீசைச் சீர்செய்ய அனுப்பப்பட்ட தலைமை அதிகாரி ஆர்தர் யங், 1954-ம் ஆண்டு கடைசியில் மனம் வெறுத்து ராஜினாமா செய்தார். 1955-ல் பார்பரா காசில் என்ற எம்.பி. கென்யாவுக்கே போய் விசாரித்து வந்தார். முகாம்களில் வேலை பார்த்த எய்லீன் பிளெட்சர் என்ற பெண்மணி, கண்ணால் கண்டதை 1956-ல் பத்திரிகையில் எழுதினார். தெரிந்துகொள்ள விரும்பியவர்களுக்கு வழி இருந்தது.

விரும்பாதவர்களை நம்பித்தான் காரியம் நடந்தது. கென்யாவின் அட்டர்னி ஜெனரல் எரிக் கிரிபித்-ஜோன்ஸ் 1957-ல் கவர்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். பாவம் செய்வதானால் சத்தம் இல்லாமல் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். சட்டத்தைக் காக்க வேண்டியவர் எழுதிய கடிதம் இது! யார் காதில் விழக்கூடாது என்று அவர் பயந்தார்? கைதிகளின் காதில் அல்ல, அடிபட்டவர்கள் அவர்கள்தானே. சொந்த நாட்டு ஜனங்களின் காதில் விழக்கூடாது என்றுதான். ஜனங்கள் கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஜனங்களுக்குத்தான் தங்கள் பலம் தெரியவில்லை.

நள்ளிரவில் ஒரு குரல்

1959 ஜூலை 27-ந் தேதி பார்லிமெண்டில் ஹோலா பற்றி விவாதம் நடந்தது. நள்ளிரவு தாண்டி ஈனக் பவல் எழுந்தார். அவர் ஆளும் கட்சிக்காரர். பிற்காலத்தில், குடியேறி வந்தவர்களுக்கு எதிராகப் பேசிக் கெட்ட பெயர் வாங்கியவரும் இவரேதான். ஆனால் அன்று அவர் பேசியது நியாயம். செத்தவர்கள் மனிதர்களே அல்ல என்பதுபோலப் பேசியவர்களை அவர் சாடினார். ஆள் எப்படிப்பட்டவன் என்று பார்த்து அவன் உயிருக்கு விலை போடக்கூடாது என்றார். இங்கிலாந்தில் ஒரு நீதி, ஆப்பிரிக்காவில் ஒரு நீதி என்பது கூடாது என்றார்.

அடுத்த நாள் பத்திரிகைகளைப் படித்தவர்கள் இதையும் படித்திருப்பார்கள்.

அக்டோபர் 8-ந் தேதி பொதுத் தேர்தல் வந்தது. அதே கட்சி முன்பைவிட அதிக பலத்தோடு ஜெயித்தது. எதிர்க்கட்சிகள் அனைத்தையும் சேர்த்தாலும் 100 இடம் கூடுதல்!

ஓட்டுப் போட்ட குமாஸ்தாவும் தடி எடுத்த காவலனும் ஒன்றா? ஒன்று அல்ல. அடித்தவன் பாவம் பெரிது. உத்தரவு போட்டவன் பாவம் அதைவிடப் பெரிது. குமாஸ்தாவுக்கு வீட்டுக் கவலை ஆயிரம். வாடகை, பிள்ளைகளின் படிப்பு, சம்பளம். ஆனால் தன் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? கூட்டத்தில் ஓட்டுக் கேட்க வந்தவரிடம் "ஹோலாவில் என்ன நடந்தது?" என்று கேட்க என்ன செலவு? விஷயம் தெரிந்த பிறகும் அதைச் செய்யாதவர்களுக்கு, அந்தப் பாவத்தில் சிறு பங்காவது உண்டு.

கணக்கு வந்தது

உயிரோடு இருந்த சில கிழவர்களும் கிழவிகளும் 2009-ல் லண்டனில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கினால், ஒளித்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான பழைய சர்க்கார் பைல்கள் 2011-ல் வெளியே வந்தன. 2013 ஜூன் 6-ந் தேதி பிரிட்டிஷ் சர்க்கார் வருத்தம் தெரிவித்தது. 5,228 பேருக்கு நஷ்டஈடும் வழக்குச் செலவுமாக 1 கோடியே 99 லட்சம் பவுன் தருவதாக ஒப்புக்கொண்டது.

அது பிரிட்டிஷ் மக்களின் வரிப்பணம். அந்த வரியைக் கட்டியவர்களில் பலர், ஹோலாவில் தடி தூக்கிய நாளில் பிறந்திருக்கவே இல்லை.