சதுரங்கம் தலைநகருக்கு மட்டும் சொந்தமா?

சதுரங்க ஒலிம்பியாட் பந்தயம் 2022-ஆம் வருஷம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தமிழ் நாட்டில் நடந்தேறியது. ரஷ்யாவில் நடக்க வேண்டிய பந்தயம் அது. உக்ரேன் யுத்தம் மூண்டதும் அங்கிருந்து எடுக்கப்பட்டது. தமிழ் நாடு அதை ஏற்றுக்கொண்டது. ஆயத்தம் செய்யக் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய நான்கே மாதம். பந்தயம் நடந்த இடமோ சென்னை நகரமன்று. தெற்கே சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக் கிராமம். 180-க்கு மேற்பட்ட தேசங்களின் ஆட்டக்காரர்கள் அங்கே குழுமினர். தலைநகருக்கு வெளியே பெரும் பந்தயம் நடத்த இயலாது என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

ஆனால், அது எவ்வாறு இயன்றது என்பதையும் ஆராய வேண்டும். சர்க்கார் சுமார் 92 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. இருந்த மண்டபம் போதாமல் புதிதாக ஒன்று எழுப்பப்பட்டது. வந்தவர்களைப் பல ஹோட்டல்களில் தங்க வைத்து, தினந்தோறும் பஸ்களில் அழைத்துவர வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும், துவக்க விழா சென்னை நேரு உள்விளையாட்டரங்கில்தான் நடைபெற்றது.

சர்க்காரின் கை நீளாத இடத்தில் நிலைமை என்ன? சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் குத்தம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் இளைஞர் சிலர் கூடி, தரப்புள்ளி அளிக்கும் பந்தயம் ஒன்றை நடத்த விரும்புவதாக வைத்துக்கொள்வோம். பலகையும் காயும் பெருஞ்செலவல்ல. ஆனால் இருநூறு பேர் சந்தடியின்றி அமர்ந்து ஆட இடம் வேண்டும். கலியாண மண்டபம் முகூர்த்த நாட்களில் கிடைக்காது. மற்ற நாட்களில் கிடைத்தாலும் வாடகை சாமானியமன்று. மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் வேண்டும். உலகச் சதுரங்க சம்மேளனத்தின் அங்கீகாரம் பெற்ற நடுவர்கள் வேண்டும். அவர்களை வெளியூரிலிருந்து வரவழைத்தால் பிரயாணச் செலவும் ஊணும் உறையுளும் நடத்துவோர் பொறுப்பு. ஒன்பது சுற்றுக்களை நாளொன்றுக்கு இரண்டாக ஆடினாலும் ஐந்து நாள் பிடிக்கும். பரிசுத் தொகை வேறு.

இத்தனை பாரமும் நுழைவுக் கட்டணத்தின் தலையில் விழுகிறது. கட்டணம் ஏறினால் ஏழை வீட்டுப் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுகிறான். அவனை அழைத்து வரும் தகப்பனார் ஐந்து நாள் கூலியை இழக்கிறார். பெண் குழந்தையாயின், தங்குவதற்குப் பத்திரமான இடமில்லை என்று பெற்றோர் வீட்டிலேயே இருத்திவிடுகின்றனர்.

கிராண்ட் மாஸ்டர் பட்டத்துக்குரிய தகுதியை அடைய, அந்நிய தேசத்தாருடனும் பட்டம் பெற்றவர்களுடனும் ஆட வேண்டும் என்பது பொது விதி. அத்தகையோரைச் சிற்றூருக்கு வரவழைப்பது எளிதா? ஆகவே பந்தயங்கள் பெருநகரங்களையே நாடுகின்றன. மற்ற ஊர்ப் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே ஓட வேண்டியிருக்கிறது.

புத்தி கூர்மை தலைநகரில் மட்டும் பிறப்பதன்று. கிராண்ட் மாஸ்டர் கார்த்திகேயன் முரளி தஞ்சாவூரில் பிறந்தவர், இனியன் ஈரோட்டார், பிரனேஷ் காரைக்குடிக்காரர். ஈசன் சதுரங்க வல்லபநாதர் என்ற திருநாமத்துடன் எழுந்தருளியிருப்பதும் திருவாரூர் ஜில்லாவைச் சேர்ந்த திருப்பூவனூரிலேயே!

நாம் இன்னொரு 92 கோடியைக் கேட்கவில்லை. ஜில்லா தோறும், தலைமையூருக்கு வெளியே, வருஷத்துக்கு ஒரு பந்தயம் நடக்கட்டும். கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் சர்க்கார் பள்ளிக்கூடங்களை அதற்குத் திறந்துவிடலாம். விருப்பமுள்ள உபாத்தியாயர்களுக்கு நடுவர் பயிற்சி அளித்தால், வெளியூர் நடுவரை எதிர்பார்க்கும் அவசியம் குறையும். சர்க்கார் பள்ளி மாணவரின் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்கலாம். ஊர் ஊழியர்களும் சும்மா இருத்தல் தகாது. பந்தயத்துக்கு வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் தங்க இடமும் அளிப்பது உள்ளூராரின் கடமை.

பூஞ்சேரியில் உலகத்துக்கே விருந்து வைத்த சர்க்கார், குத்தம்பாக்கத்துப் பிள்ளைக்கு ஒரு பிடி சோறு இல்லையென்று சொல்லலாகாது.